சுடுமண் காதணிகள் – வீட்டிலேயே செய்யும் முறை

சம்பா அறுவடை முடிந்து அடுத்த பட்டம் தொடங்கும் வரை பல சிறு விவசாயக் குடும்பங்களில் வேலை குறைவாகவே இருக்கும். அந்த மாதங்களில் பெரிய முதலீடின்றி வீட்டுப் பெண்களும் ஆண்களும் சேர்ந்து செய்யக்கூடிய உபதொழில்களுள் ஒன்று சுடுமண் அணிகலன் செய்தல். தோடு, ஜிமிக்கி, தொங்கட்டான், சாவிக்கொத்தில் மாட்டும் சிறு பொம்மை, கழுத்து மாலைக்கான பதக்கம் ஆகிய அனைத்தையும் களிமண்ணிலேயே செய்யலாம். மானாமதுரை மண்பாண்டங்கள் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. மண்ணைச் சுட்டுப் பயன்படுத்தும் கைத்திறன் நமக்குப் புதியதன்று.

இத்தொழிலில் மண்ணுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் உலரும்போது விரிசல் கண்டும், சுடும்போது வெடித்தும் வீணாகும் காதணிகளே இலாபத்தைத் தின்றுவிடுகின்றன. இவ்விரண்டு இழப்புக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மண்ணில் உள்ள ஈரத்தை அவசரப்பட்டு வெளியேற்றுவது. ஈரத்தைப் பொறுமையாக வெளியேற்றத் தெரிந்தவருக்கு இத்தொழில் கைகொடுக்கும்.

பாலிமர் களிமண் வேறு, நம் மண் வேறு

கடைகளில் பல வண்ணங்களில் விற்கும் பாலிமர் களிமண்ணைக் கொண்டும் காதணிகள் செய்கிறார்கள். பெயரில் களிமண் இருந்தாலும் அது மண் அன்று. பாலிவினைல் குளோரைடு என்னும் பிளாஸ்டிக் தூளை இளக்கும் எண்ணெயுடன் கலந்து செய்யப்படுவது. அதில் நீர் இல்லாததால் பெரிதாகச் சுருங்காது. மின் அடுப்பில் சுமார் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது கெட்டியாகிவிடும். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் விலை கொடுத்து வாங்க வேண்டும். சூடு சீராக இருக்கும் மின் அடுப்பும் தேவை. அதை ஒருபோதும் விறகு அடுப்பிலோ சூளையிலோ இடக்கூடாது. கருகினால் நுரையீரலைத் தாக்கும் அமிலப் புகை வெளிவரும். மண்ணும் வறட்டியும் உமியும் வீட்டிலேயே உள்ள விவசாயக் குடும்பத்திற்குச் சுடுமண்ணே ஏற்றது.

மண் தேர்வு

ஏரி, குளங்களின் அடியில் படிந்துள்ள களிமண் ஏற்றது. அனுமதியின்றி நீர்நிலைகளில் மண் எடுக்கக்கூடாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு முறைப்படி எடுக்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று கூடை மண் போதுமானது என்பதால், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மண்பாண்டத் தொழிலாளரிடம் பக்குவப்படுத்திய மண்ணை விலைக்கு வாங்குவதே எளிது.

எடுத்த மண் தகுந்ததா என்பதை மூன்று சோதனைகளால் அறியலாம்.

1. ஈர மண்ணைப் பென்சில் பருமனுக்குக் கயிறாகத் திரித்து விரலைச் சுற்றி வளைக்கவும். வெடிக்காமல் வளைந்தால் களி போதுமான அளவு உள்ளது. ஒடிந்து போனால் மணல் மிகுதி.

2. ஈர மண்ணைப் பட்டையாகத் தட்டி, அதில் சரியாக 10 செ.மீ. இடைவெளியில் இரு கோடுகள் கீறவும். உலர்ந்து சுட்டபின் அந்த இடைவெளியை அளக்கவும். 9 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நன்று. அதற்கும் குறைந்தால் மண் அதிகம் சுருங்குகிறது என்று பொருள். பத்தில் ஒரு பங்கு சலித்த நுண்மணல் சேர்த்து மீண்டும் சோதிக்கவும். கரிசல் மண் நீரில் மிகவும் உப்பி, உலரும்போது மிகவும் சுருங்கும். ஆகவே அதைத் தனியாகப் பயன்படுத்துவது நல்லதன்று.

3. உலர்ந்த மண்ணில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடவும். நுரைத்தால் சுண்ணாம்பு உள்ளது. சுண்ணாம்புக்கல் துணுக்கு காதணிக்குள் தங்கிவிட்டால், நல்ல சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறும். பிறகு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்பி, விற்ற பின்னரும் காதணியின் மேற்புறத்தைப் பெயர்த்துவிடும். நுரை மிகுந்த மண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

மண்ணைப் பக்குவப்படுத்துதல்

மண்ணை நன்கு காயவைத்து உடைத்து, வாளி நீரில் இரண்டு நாட்கள் ஊறவிடவும். பின் நன்கு கலக்கிப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் கல், வேர், சுண்ணாம்புத் துணுக்கு ஆகியவை நீங்கிவிடும். வடித்த குழம்பை ஒருநாள் தெளியவிட்டு, மேல் நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய மண்ணைத் துணி விரித்த செங்கற்களின் மேல் பரப்பவும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசைய வேண்டும். உள்ளே காற்றுக் குமிழ் இல்லாத வரை பிசைதல் அவசியம். பிசைந்த மண்ணை ஈரச் சாக்கில் சுற்றி ஒரு வாரம் வைத்திருந்தால் இழுவை கூடும்.

கோடையில் குளம் வற்றியிருக்கும்போது எடுத்த மண்ணைக் கட்டிகளாகக் காயவைத்துச் சேமிக்கலாம். கெட்டுப்போகாது.

உருவம் கொடுத்தல்

தோடு அல்லது தொங்கட்டானுக்கு மண்ணை 3 மி.மீ. கனத்திற்குத் தேய்த்து, மூடியோ தகட்டு அச்சோ கொண்டு வெட்டவும். கனம் முக்கியம். சுட்டபின் 3 செ.மீ. அகலமுள்ள வட்டம் 3 மி.மீ. கனத்தில் சுமார் 4 கிராம் இருக்கும். அதுவே 5 மி.மீ. கனமானால் ஏறக்குறைய 7 கிராம் ஆகும். கனத்த காதணி காது மடலை இழுக்கும். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

ஜிமிக்கிக்கு, எண்ணெய் தடவிய சிறு பந்தின் மேல் மெல்லிய மண் தகட்டைப் போர்த்திக் குடையாக்கவும். சற்று இறுகியதும் கழற்றிவிட வேண்டும். பந்தின் மேலேயே உலரவிட்டால் சுருங்க இடமின்றிக் குடை வெடித்துவிடும்.

வேப்பிலை, நெல்மணி, கேழ்வரகுக் கதிர் ஆகியவற்றை ஈர மண்ணில் அழுத்தினால் அழகிய பதிவு கிடைக்கும். வயலில் கிடைக்கும் இவ்வச்சுகளுக்குச் செலவில்லை. ஒரு பகுதியை மற்றொன்றுடன் ஒட்டும்போது இரு பரப்பிலும் குறுக்குக் கோடுகள் கீறி, குழைத்த மண் தடவி ஒட்டவும். வெறும் நீர் தடவி ஒட்டியவை உலரும்போது பிரிந்துவிடும்.

மண் சற்று இறுகியதும் தென்னை ஈர்க்கினால் துளையிடவும். துளையும் சுருங்குமாதலால் தேவையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். விளிம்பை ஒட்டித் துளையிட்டால் உடையும், 3 மி.மீ. உள்தள்ளி இடுவது நல்லது. பாதி உலர்ந்த நிலையில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால், வண்ணம் பூசாமலே மெருகு கிடைக்கும்.

ஒரு ஜோடியின் இரு காதணிகளையும் ஒரே உருண்டை மண்ணிலிருந்து ஒரே நாளில் செய்யுங்கள். வெவ்வேறு ஈரத்தில் செய்தவை வெவ்வேறு அளவில் சுருங்கி ஜோடி சேராமல் போகும். 10 ஜோடி தேவையென்றால் 20க்குப் பதில் 24 காதணிகள் செய்து வைத்தால், ஒன்று உடைந்தாலும் மற்றது வீணாகாது.

உலர்த்துதல்

மேற்புறம் விரைவில் உலர்ந்து சுருங்கும். உட்புறம் ஈரமாகவே இருக்கும். இந்த இழுபறியில்தான் விரிசலும் வளைவும் உண்டாகின்றன. எனவே வெயிலிலோ மின்விசிறியின் கீழோ வைக்கக்கூடாது. முதல் நாள் ஈரத்துணியால் மூடி வைக்கவும். அடுத்த நாள் முதல் நிழலில், சல்லடை மேல் பரப்பி, காலையும் மாலையும் திருப்பிப் போடவும். கோடையில் நான்கைந்து நாட்களும், மழை ஈரமுள்ள நாட்களில் ஒரு வாரத்திற்கு மேலும் ஆகும். உலர்ந்ததா என்பதை அறியக் காதணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சில்லிப்பு நீங்கிய பின்னரே சுடுவதற்கு முன் அரைநாள் வெயிலில் வைக்கலாம்.

சுடுதல்

கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் மண்ணிலும் ஈரம் ஒளிந்திருக்கும். அது 100 டிகிரியைத் தாண்டும்போது நீராவியாகி வெளியேற வழியின்றிக் காதணியை வெடிக்கச் செய்யும். ஆகவே முதலில் பழைய இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் காதணிகளை அடுக்கி, சிறு தணலில் இரண்டு மணி நேரம் சூடேற்றவும். இடையிடையே குளிர்ந்த எவர்சில்வர் தட்டை மேலே காட்டுங்கள். தட்டில் நீர்த்திவலை படியும் வரை தணலைக் கூட்டக்கூடாது.

பின்னர் சாந்து இல்லாமல் செங்கல் அடுக்கி, 60 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள வட்டச் சூளை அமைக்கவும். அடியில் நான்கு புறமும் காற்றுவழி விடவும். உடைந்த செங்கல் மேல் வறட்டி பரப்பி, பக்கங்களில் துளையுள்ள பழைய மண்சட்டியை நடுவில் வைத்து, அதில் சூடாக்கிய காதணிகளை நெருக்கமின்றி இட்டு, ஓட்டாஞ்சில்லால் மூடவும். சட்டியைச் சுற்றியும் மேலும் வறட்டி அடுக்கி, உச்சியில் உமி தூவவும். ஒரு காற்றுவழியை மட்டும் திறந்து தீயிடவும். ஒரு மணி நேரம் கழித்து மற்ற வழிகளைத் திறக்கலாம்.

சுமார் 450 முதல் 600 டிகிரி வரையிலான வெப்பத்தில், களியோடு வேதியியல் முறையில் இணைந்துள்ள நீரும் பிரிந்து விடுகிறது. அதன்பின் அது மீண்டும் சேறாகாது. உறுதி பெற இன்னும் சூடு வேண்டும். இருட்டில் பார்க்கும்போது சட்டி மங்கலான சிவப்பைத் தாண்டி நன்கு சிவந்து தெரிய வேண்டும். எரிந்து முடிந்ததும் திறக்க வேண்டாம். மறுநாள் காலை வரை தானாக ஆறவிடவும். குளிர்ந்த காற்றுப் பட்டாலும் வெடிப்பு உண்டாகும்.

மண்ணிலுள்ள இரும்புச் சத்து, காற்றோட்டத்தில் சுட்டால் செந்நிறம் தரும். கருநிறம் வேண்டுமெனில் துளையில்லாத சட்டியில் காதணிகளை மரத்தூளுடன் சேர்த்து அடைத்து, மூடியை மண்ணால் பூசிக் காற்றுப் புகாமல் சுடவும்.

சுட்டவற்றில் உடைந்த ஒன்றை இரவு முழுவதும் நீரில் போட்டு வையுங்கள். காலையில் கரைந்தாலோ மெத்தென்று ஆனாலோ சூடு போதவில்லை. அந்த ஈட்டை அப்படியே விற்கக்கூடாது. நன்கு உலர்த்தி மீண்டும் சுடவும்.

வண்ணமும் கொக்கியும்

அக்ரிலிக் வண்ணம் இரண்டு முறை பூசி, உலர்ந்தபின் நிறமற்ற வார்னிஷ் ஒரு முறை பூசினால் வியர்வையிலும் மழையிலும் நிறம் போகாது. ஈயம் கலந்த வண்ணங்களை வாங்காதீர்கள். கொக்கியில் சிக்கனம் பார்க்கக்கூடாது. மலிவான உலோகக் கொக்கிகளில் உள்ள நிக்கல் பலருக்குக் காதில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும். நல்ல துருப்பிடிக்காத எஃகு அல்லது வெள்ளிக் கொக்கியே ஏற்றது.

பாதுகாப்பு

சூளையை வைக்கோல் போர், கூரைக் கொட்டகை ஆகியவற்றிலிருந்து தொலைவில், காற்று அடங்கிய நாளில் மூட்டுங்கள். அருகில் நீரும் மணலும் இருக்கட்டும். குழந்தைகளை நெருங்க விடாதீர்கள். உலர்ந்த மண்தூசியை நாள்தோறும் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கெடுதல். ஆகவே வேலை செய்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவும்.

விலை நிர்ணயம்

பலர் கொக்கி, வண்ணம் ஆகியவற்றின் விலையை மட்டும் கணக்கிட்டுத் தங்கள் உழைப்பை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பாருங்கள். 100 ஜோடி செய்யப் பொருட்செலவு ரூ. 1,200, ஆறு நாள் உழைப்பு, நாளுக்கு ரூ. 400 வீதம் ரூ. 2,400, ஆக மொத்தம் ரூ. 3,600 என்று கொள்வோம். 90 ஜோடி தேறினால் ஒரு ஜோடியின் அடக்கவிலை ரூ. 40. அதே செலவில் 60 ஜோடி மட்டுமே தேறினால் அடக்கவிலை ரூ. 60. சந்தையில் ஜோடி ரூ. 55க்கு விற்கிறது என்றால், முதலாமவருக்கு ஜோடிக்கு ரூ. 15 மிச்சம், இரண்டாமவருக்கு ரூ. 5 நட்டம். மண்ணும் வண்ணமும் ஒன்றே. வேறுபாடு உலர்த்துவதிலும் சுடுவதிலும் காட்டிய பொறுமையில்தான். உங்கள் பகுதியின் கூலியையும் விலையையும் கொண்டு இதேபோல் கணக்கிட்டுப் பாருங்கள்.

முதல் ஆண்டில் கடன் வாங்கி மின்சூளை முதலியவற்றில் பணம் முடக்க வேண்டாம். இருபது ஜோடியில் தொடங்கி, எத்தனை தேறின, எத்தனை எந்தக் கட்டத்தில் உடைந்தன என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தேறும் நிலை வந்தபின், உங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவுடன் சேர்ந்து வாரச்சந்தை, கோயில் திருவிழா, நவராத்திரி விற்பனை ஆகியவற்றுக்கு எடுத்துச் செல்லலாம். வயல் ஓய்ந்திருக்கும் நாட்களில் குடும்பத்திற்கு ஒரு சிறு வருமானம் நிச்சயம் கிடைக்கும்.