சக்கரத்தின் மேல்பாதி

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். சைக்கிள் பந்தயங்களுக்குப் போகிறவர். கூட ஓட்டுபவர்களில் சிலர் உள்ளங்கை அகலத்துக்கு ரிம் வைத்த கார்பன் வீலுக்கு மாறிவிட்டார்களாம். ஜோடி ஒரு லட்சத்தைத் தாண்டுகிறதாம். "அப்பாவிடம் கேட்பதற்கு முன்னால் உங்களிடம் கேட்கிறேன். உண்மையிலேயே பலன் உண்டா?" என்கிறார்.

உண்டு, தம்பி. ஆனால் எவ்வளவு, எதற்குப் பிறகு என்பதைத் தெரிந்துகொண்டு அப்பாவிடம் போவது நல்லது.

சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவரின் உழைப்பில் 80 சதவீதத்துக்கு மேல் காற்றை விலக்குவதிலேயே கரைந்துபோகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு. அந்த எதிர்ப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடம்பால் வருவது. சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 10 முதல் 15 சதவீதம் இருக்கலாம்.

பங்கு சிறிதுதான். ஆனால் சைக்கிளில் சக்கரத்தைப் போல விசித்திரமான பாகம் வேறில்லை. உருளும்போது அதன் எல்லா இடமும் ஒரே வேகத்தில் முன்னே போவதில்லை. தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. அச்சு, சைக்கிளின் வேகத்தில் போகிறது. உச்சியோ அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பாய்கிறது. நம்பச் சிரமமாக இருந்தால், ஓடும் சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று, கேமராவை அசைக்காமல் சற்று மெதுவான ஷட்டரில் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். கீழ்ப்பாதியில் கம்பிகள் தனித்தனியாகத் தெரியும். மேல்பாதியில் ஒன்றோடொன்று கலந்து மங்கிக் கிடக்கும். சைக்கிள் 40-ல் போனால் உச்சி 80-ல் போகிறது. எதிர்காற்று 20-ல் அடித்தால், உச்சியை ஒட்டிய கம்பி முனையில் மோதும் காற்றின் வேகம் ஏறக்குறைய 100.

அந்தக் கம்பியின் வடிவமும் சாதகமானதல்ல. எங்கள் ஊர் வாய்க்காலில் சிறுவயதில் குச்சியை நட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். குச்சிக்கு முன்னால் தண்ணீர் ஒழுங்காகப் பிரியும். பின்னால் ஒன்றுசேர முடியாமல் சுழிக்கும். அதில் விழுந்த வேப்பிலை கீழே போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். உருண்டைக் கம்பிக்குப் பின்னால் காற்றும் அப்படித்தான் சுழிக்கிறது. அந்தச் சுழிதான் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. அதே தடிமனில், முன்னால் வளைந்து பின்னால் நீண்டு மெலியும்படி ஒன்றைச் செய்தால் இழுவை பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். நம் பழைய சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 கம்பிகள். அத்தனையும் உருண்டை.

ஆகவே கம்பியைத் தட்டையாக்கினார்கள், எண்ணிக்கையைக் குறைத்தார்கள், ரிம்மை உள்நோக்கி ஆழமாக்கினார்கள். ரிம் ஆழமானால் கம்பியின் வேகமான முனைப்பகுதி மறைந்துவிடுகிறது. இதன் கடைசிப் படி, கம்பியே வெளியில் தெரியாத தட்டு வீல். 1984 ஜனவரியில் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ மோசர் இரண்டு பக்கமும் தட்டு வீல் மாட்டிக்கொண்டு மெக்சிகோ நகர ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 50.808 கி.மீ. ஓட்டினார், நான்கே நாள் கழித்து 51.151. அதற்கு முன் 1972 முதல் அசையாமல் நின்ற சாதனை எடி மெர்க்ஸின் 49.431. மெர்க்ஸ் ஓட்டியதும் அதே மெக்சிகோ நகரில்தான் என்பதால், உயரமான இடத்தின் மெல்லிய காற்றை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது.

ரிம்முக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சக்கரத்தின் முன்பாதியில் காற்று முதலில் டயரைத் தொட்டு, பிறகு ரிம்மின் மேல் வழிகிறது. பின்பாதியில் நேர்மாறாக, ரிம்மின் உள்விளிம்பு முதலில், டயர் கடைசியில். ஆரம்பத்தில் வந்த ஆழமான ரிம்கள் உள்விளிம்பில் கத்தி முனையாகக் கூம்பியிருந்தன. நேர்காற்றுக்குச் சரி, காற்று கொஞ்சம் பக்கவாட்டில் வந்தாலும் அந்த முனையில் பிய்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ஸ்டீவ் ஹெட் போன்றவர்கள் ரிம்மின் பக்கங்களைப் புடைக்க வைத்தார்கள். இன்றைய நல்ல ரிம்களின் உள்விளிம்பு மழுங்கி உருண்டிருப்பது அந்த வழியில் வந்ததுதான். சில கோணங்களில் வரும் பக்கக்காற்று இத்தகைய சக்கரத்தை லேசாக முன்னே தள்ளவும் செய்கிறது. ஆனால் டயரைவிட ரிம் 5 சதவீதமாவது அகலமாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். குறுகிய ரிம்மில் பருத்த டயரைத் திணித்தால் கொடுத்த காசில் பாதி வீண்.

இனி, எதற்குப் பிறகு வீல் என்ற வரிசைக்கு வருகிறேன். 1989 டூர் டி பிரான்சின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. தனி நேர ஓட்டம். லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையோடு, இரண்டு தட்டு வீல்களோடு கிளம்பினார். தலையில் ஹெல்மெட் இல்லை. குடுமி காற்றில் பறந்தது. அமெரிக்காவின் கிரெக் லெமாண்டிடம் பின்னால் மட்டும்தான் தட்டு வீல். ஆனால் முழங்கைகளை ஒடுக்கிக் கைகளை முன்னே நீட்டிக் குனிந்து ஓட்ட உதவும் ஹேண்டில்பாரும் காற்றுக்கேற்ற ஹெல்மெட்டும் இருந்தன. மொத்தப் பந்தயத்தையும் லெமாண்ட் வென்றார், 8 விநாடியில். உடம்பைக் கவனிக்காமல் சக்கரத்தைக் கவனிப்பவர்கள் இந்த 8 விநாடியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இடுப்பும் முதுகும் வளையாமல், காற்றில் சட்டை படபடக்க, லட்ச ரூபாய் வீலில் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கோவைக்காரர் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று கொட்டுகிறது. பொள்ளாச்சி சாலையோ தெற்கே போகிறது. முழுக்க முழுக்கப் பக்கக்காற்று. பின்சக்கரம் சட்டத்தோடு இறுகியிருப்பதால் காற்றைத் தாங்கிக்கொள்ளும். முன்சக்கரம் ஹேண்டிலோடு திரும்பக்கூடியது. ஆழமான ரிம்மைக் காற்று அறைந்தால் கைப்பிடி தானாகத் திரும்பும். லாரி கடந்து போகும் நொடியில் காற்று நின்று, மறுநொடி மீண்டும் அறையும்போதுதான் ஆபத்து அதிகம். ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் போட்டியை, அங்கே அடிக்கும் காற்றுக்குப் பயந்து, தட்டு வீலுக்கே தடை போட்டுத்தான் நீண்ட காலம் நடத்தினார்கள்.

உங்கள் சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மையே பிடிப்பதாக இருந்தால், பெயர் தெரியாத மலிவுக் கார்பன் வீலோடு குன்னூர் மலைப்பாதையில் இறங்காதீர்கள். கார்பன் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றாது. தொடர்ந்து பிரேக் பிடித்தால் பிசின் இளகி ரிம் பிளந்துவிடும். மழையில் பிடிமானமும் குறைவு. டிஸ்க் பிரேக் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. விற்கிறவர்கள் விலையையும் எடையையும் சொல்கிறார்கள். இதைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு. ஆழமான ரிம்முக்கு நீண்ட வால்வ் வைத்த டியூப் வேண்டும் என்பதையும் பலர் பஞ்சரான பிறகு, ஊருக்கு வெளியே நின்றுகொண்டுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

முதலில் குனிந்து ஓட்டப் பழகுங்கள். உடம்போடு ஒட்டிய சட்டை, நல்ல டயர், அதற்கேற்ற காற்றழுத்தம், பெண்டு எடுத்த ரிம் ஆகியவற்றைச் சில ஆயிரத்துக்குள் முடித்துவிடலாம். அதன் பிறகும் தனியாக 40-க்கு மேல் ஓட்டும் போட்டிகளில் விநாடிகள் தேவைப்பட்டால் வீலுக்கு அப்பாவிடம் கேளுங்கள். அப்போதும் ஆழமான ரிம் பின்னால் மட்டும் இருக்கட்டும். ஆடிக்காற்று ஓயும்வரை முன்னால் பழைய வீலையே மாட்டிக்கொள்ளுங்கள்.