பலியானது புரொஜெக்டர், குற்றவாளி பக்கத்துப் பெட்டி

இடி இடித்து ஓய்ந்த மறுநாள், எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடைகளில் கூட்டம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். டிவி, மோடம், செட் டாப் பாக்ஸ் வரிசையில் இப்போது புரொஜெக்டரும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பள்ளிக்கூட ஸ்மார்ட் வகுப்பில் மாட்டியது, கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்குப் போவது, மொட்டைமாடியில் கிரிக்கெட் பார்க்க வாங்கியது என எல்லா ரகமும் உண்டு. கொண்டு வருபவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், ஆன் ஆகுது. படம் மட்டும் வரலை.”

பாதி நோய் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. விளக்கு எரிந்து, கம்பெனி சின்னம் திரையில் விழுந்து, ரிமோட்டைத் தட்டினால் மெனு எழுத்துகள் பளிச்சென்று வருகின்றன என்றால் லாம்ப், லென்ஸ், பவர் சப்ளை, படத்தை உருவாக்கும் சிப் எல்லாமே நலம். வெளியிலிருந்து படம் உள்ளே வரும் வாசல் மட்டும்தான் கெட்டிருக்கிறது. அதாவது, கேபிள் சொருகும் அந்த ஹெச்டிஎம்ஐ போர்ட்டும் அதற்குப் பின்னால் இருக்கும் ஐசியும்.

ஹெச்டிஎம்ஐ பிளக்கில் 19 பின்கள். அவற்றில் ஒன்று, படம் அனுப்பும் பெட்டியிலிருந்து 5 வோல்ட்டைக் கொண்டு வருகிறது. படத்தைச் சுமந்து வரும் பின்கள் போய்ச் சேரும் ஐசியோ 3.3 வோல்ட்டில் வேலை செய்வது. சுவரில் 230 வோல்ட் ஓடும் வீட்டில் இத்தனை மென்மையான ஒன்று நேராக வெளி உலகத்தோடு கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கம்பியின் மறுமுனையில் இருக்கும் பெட்டி கோளாறானால் அடி இங்கேதான் விழும்.

அடி வரும் வழிகளில் முதலாவது, கேபிள் டிவி வயர். தெருக்கம்பங்களிலும் மாடிகளிலும் தொங்கி வருவது அது. பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தால்கூடப் போதும், அந்த வயரில் ஒரு கணம் பெரும் மின்னழுத்தம் பாய்கிறது. செட் டாப் பாக்ஸுக்குள் நுழைந்து, ஹெச்டிஎம்ஐ வழியே புரொஜெக்டரில் இறங்கி, எர்த்தைத் தேடி ஓடுகிறது. சுவிட்சை அணைத்து வைத்திருந்தாலும் பயனில்லை. வயர் வயருடன் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது!

இரண்டாவது வழி சத்தமில்லாதது. லேப்டாப்பின் உலோகப் பகுதியில் கை வைத்தால் ஜிவ்வென்று ஒரு கூச்சம், சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும். டூ பின் அடாப்டரிலும், எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் மாட்டிய த்ரீ பின் பொருளிலும் இது சகஜம். மின் இரைச்சலை வடிகட்ட உள்ளே வைத்திருக்கும் சிறு கெபாசிட்டர் வழியாகக் கசிவு வந்து, பெட்டியின் உடலில் வீட்டு மின்னழுத்தத்தின் பாதியளவு, 100 வோல்ட்டையொட்டிகூட, மீட்டரில் காட்டும். மின்னோட்டம் மிகச் சொற்பம் என்பதால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எர்த் ஆன புரொஜெக்டரில் அதைச் சொருகும் நொடியில் அந்த மின்னழுத்தம் எதன் வழியாகவாவது இறங்கியாக வேண்டும். நல்ல பிளக்கில் வெளி உலோகக்கூடு முதலில் தொட்டு அதை வாங்கிக்கொள்ளும். தேய்ந்துபோன பிளக்கிலும் மட்டமான கேபிளிலும் அந்த அதிர்ஷ்டம் எப்போதும் வாய்ப்பதில்லை.

கேபிளே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியுங், சந்தையில் விற்கும் யுஎஸ்பி சி கேபிள்களை வாங்கிச் சோதித்து வந்தவர். 2016 பிப்ரவரியில் அவர் மாட்டிய ஒரு கேபிளில் மின்சார வயரும் கிரவுண்ட் வயரும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. அவருடைய லேப்டாப்பும் சோதனைக் கருவிகளும் அங்கேயே கெட்டுப்போயின. வெளியே பார்த்தால் அது மற்ற கேபிள்களைப் போலத்தான் இருந்தது.

ஆகவே படம் வரவில்லை என்றதும் முதலில் செய்ய வேண்டியது, சந்தேகப் பெட்டியையும் கேபிளையும் கழற்றித் தனியே வைப்பது. “ஹாலில் இருக்கிற டிவியில் மாட்டிப் பார்ப்போமே” என்று கை பரபரக்கும். அப்படித்தான் ஒரே வாரத்தில் இரண்டு பொருள் ரிப்பேருக்குப் போகின்றன.

அதற்குப் பதில், நன்றாக வேலை செய்கிற பழைய லேப்டாப் ஒன்றைச் சார்ஜர் இல்லாமல், பேட்டரியில் ஓடவிட்டு, வேறு கேபிளால் இணைக்கலாம். முதலில் விஜிஏ போர்ட்டில், பிறகு இரண்டாவது ஹெச்டிஎம்ஐ இருந்தால் அதில். இவற்றில் படம் வந்துவிட்டால் புரொஜெக்டருக்கு உயிர் இருக்கிறது. கடைசியாகச் சந்தேகப் போர்ட்டில் மாட்டி, லேப்டாப்பின் டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு புரொஜெக்டரும் தன் பெயரையும் எந்தெந்த அளவில் படம் காட்டும் என்பதையும் ஒரு குட்டி நினைவக சிப்பில் எழுதி வைத்திருக்கிறது; அடிப்படைத் தகவல் வெறும் 128 பைட். அந்தப் பெயர் லேப்டாப்பில் தெரிந்தும் படம் வரவில்லை என்றால், படம் வரும் பின்களின் பாதையில்தான் அடி. பெயரே தெரியவில்லை என்றால், அந்தச் சிப்போ அதற்குப் போகும் வயர்களோ போயிருக்கலாம். இந்த ஒரு தகவலைக் கடையில் சொன்னால் மெக்கானிக்குக் கால்வாசி வேலை மிச்சம்.

அவர் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்ப்பார். படம் வரும் எட்டுப் பின்களும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தால் திருடன் அகப்பட்டான். போர்ட்டை ஒட்டி வைத்திருக்கும் பாதுகாப்பு டயோடுதான் ஷார்ட் ஆகியிருக்கிறது என்றால் யோகம். மலிவான பாகம், மாற்றினால் முடிந்தது. ஹெச்டிஎம்ஐ ஐசி போயிருந்தால் ஹாட் ஏர் மெஷினும் தேர்ந்த கையும் வேண்டும். அதற்குமேல் “மெயின் போர்டு மாத்தணும் சார்” என்ற பதில்தான். அந்தப் பதிலை எடுத்த எடுப்பிலேயே சொல்லும் கடையில் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

வீட்டிலேயே ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை கெபாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கலாம். லாம்ப் வகைப் புரொஜெக்டர்களில் பாதரசம் அடைத்த லாம்ப்பும் உள்ளே இருக்கிறது.

ரிப்பேர் செலவு கட்டுபடியாகாதவர்கள், ஹெச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் கன்வெர்ட்டரை வைத்துச் சமாளிக்கிறார்கள். பாடம் நடத்தவும் கல்யாண ஆல்பம் ஓட்டவும் இது தாராளம். ஒலியைத் தனி வயரில் ஸ்பீக்கருக்குக் கொண்டு போக வேண்டும். ஆனால் விஜிஏவில் நகல் தடுப்புப் பூட்டு கிடையாது என்பதால், ஓடிடி படங்களையும் சில சேனல்களையும் பெட்டி காட்ட மறுத்துவிடலாம்.

சரியாகி வந்த புரொஜெக்டரும் லேப்டாப்பும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், எர்த் உள்ள பாயிண்டில் இருக்க வேண்டும். இரண்டையும் அணைத்து, சார்ஜரையும் கழற்றிவிட்டு முதலில் கேபிளைச் சொருகி, அதன் பிறகே மின்சாரம். மழை இருட்டிக்கொண்டு வந்தால், பவர் பிளக்கோடு கேபிள் டிவி வயரையும் கையோடு பிடுங்கிவிட வேண்டும். மண்டபத்துப் பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை எலெக்ட்ரீஷியன் ஒரு டெஸ்ட் லாம்ப்பைப் பிடித்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.