ஹெலிகாப்டர் சிமுலேட்டருக்கு எந்த டிரான்ஸ்மிட்டர் வாங்கலாம்?

ரிமோட் மூலம் பறக்கும் மாடல் ஹெலிகாப்டரை ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரு பொறுமையான ஆசிரியர். திரையில் ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கினால் ஒரு பட்டனை அழுத்தி மீண்டும் பறக்க விடலாம். நிஜ ஹெலிகாப்டர் விழுந்தாலோ பிளேடு, ஷாஃப்ட், வால் பகுதி என ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். வேகமாகச் சுழலும் பிளேடு ஆளையும் காயப்படுத்தும்.

இதற்கென ரியல்ஃப்ளைட், நெக்ஸ்ட், ஹெலி-எக்ஸ் போன்ற சிமுலேட்டர் சாஃப்ட்வேர்கள் உள்ளன. எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. அதைவிட முக்கியமான கேள்வி, கையில் எதைப் பிடித்துக்கொண்டு பழகப் போகிறீர்கள் என்பதுதான். ஏனென்றால் சிமுலேட்டரில் பாடம் கற்பவை உங்கள் விரல்கள். அவை ஒருமுறை பழகியதை எளிதில் மறக்காது.

கேம்பேட் போதாதா?

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கேம்பேடை இணைத்தாலும் ஹெலிகாப்டர் பறக்கும். ஆனால் கேம்பேடில் இரண்டு ஸ்டிக்குகளும் ஸ்பிரிங் வைத்தவை. விரலை எடுத்ததும் நடுவுக்கு வந்துவிடும். நிஜ டிரான்ஸ்மிட்டரில் ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் ஸ்டிக்குக்கு மேல்-கீழ் திசையில் ஸ்பிரிங் கிடையாது. விட்ட இடத்திலேயே நிற்கும். கேம்பேடில் பழகிய விரல், இல்லாத ஸ்பிரிங்கை எதிர்பார்த்து நிஜ ஹெலிகாப்டரைத் தரையில் மோதவிடும். மேலும், கேம்பேட் ஸ்டிக் மிகவும் குட்டையானது என்பதால் நுணுக்கமாக அசைக்க முடியாது.

வாங்கும் முன் கவனியுங்கள்

1. மோடு: மோடு 2 வகையில் இடது ஸ்டிக் ஏற்ற இறக்கத்தையும் வாலையும் கட்டுப்படுத்தும். வலது ஸ்டிக் ஹெலிகாப்டரை முன்-பின், இட-வலமாகச் சாய்க்கும். மோடு 1 வகையில் ஏற்ற இறக்கம் வலது கைக்கும், முன்-பின் சாய்வு இடது கைக்கும் போய்விடும். உங்கள் ஊரில் மாடல் பறக்கவிடுபவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு அதையே வாங்குங்கள். பிறகு மாற்றுவது, இடது கையால் எழுதப் பழகுவது போலாகிவிடும்.

2. சேனல்: ஸ்டிக்குகளுக்கு மட்டும் 4 சேனல்கள் தேவை. பிளேடின் கோணத்தை மாற்றிப் பறக்கும் ஹெலிகாப்டருக்குக் குறைந்தது 6 வேண்டும். மோட்டாரை உடனே நிறுத்தும் 'த்ராட்டில் ஹோல்டு', தலைகீழாகப் பறக்க உதவும் 'ஐடில் அப்' ஆகியவற்றுக்குச் சுவிட்சுகளும் இருக்க வேண்டும்.

3. இணைப்பு: யுஎஸ்பி கேபிளைச் செருகியதும் விண்டோஸ் அதை ஜாய்ஸ்டிக்காக அடையாளம் கண்டுகொண்டால் வேலை எளிது. இல்லாவிட்டால் தனி கேபிள் வாங்க வேண்டும்.

குறைந்த செலவில் மூன்று வழிகள்

மிகவும் மலிவானது, சிமுலேட்டருக்கென்றே வரும் யுஎஸ்பி கன்ட்ரோலர். பார்க்க டிரான்ஸ்மிட்டர் போலவே இருக்கும். ஆனால் இதைக் கொண்டு நிஜ ஹெலிகாப்டரை ஓட்ட முடியாது. சிலவற்றில் 4 சேனல்கள் மட்டுமே இருக்கும்.

அடுத்தது ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6. 6 சேனல் கொண்ட நிஜ டிரான்ஸ்மிட்டர். 4 சாதாரண பென்டார்ச் பேட்டரிகளில் இயங்கும். இதன் பின்புற போர்ட்டைக் கம்ப்யூட்டருடன் இணைக்க யுஎஸ்பி சிமுலேட்டர் கேபிளைத் தனியாக வாங்க வேண்டும்.

மூன்றாவது, 2023-ல் வந்த ரேடியோமாஸ்டர் பாக்கெட். யுஎஸ்பி-சி கேபிளைச் செருகி, திரையில் 'ஜாய்ஸ்டிக்' என்பதைத் தேர்வு செய்தால் போதும். இதன் ஸ்டிக்குகளில் உரசித் தேயும் பாகத்துக்குப் பதில் காந்த சென்சார் உள்ளது. நாள்தோறும் மணிக்கணக்கில் பழகும் சிமுலேட்டருக்கு இது பெரிய வசதி. 18650 வகை பேட்டரி இரண்டு தேவைப்படும். பின்னாளில் நிஜ ஹெலிகாப்டர் வாங்கும்போது, அதன் ரிசீவர் இந்த டிரான்ஸ்மிட்டருடன் பேசுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றில் என் பரிந்துரை இதுதான்.

இணைத்த பிறகு

ஸ்டார்ட் மெனுவில் 'செட் அப் யுஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' என்று தேடித் திறங்கள். பட்டியலில் உங்கள் டிரான்ஸ்மிட்டரைத் தேர்ந்து 'ப்ராப்பர்ட்டீஸ்' க்ளிக் செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்டிக்கையும் அசைக்கும்போது திரையில் ஏதாவது ஒன்று நகர வேண்டும். நகர்ந்தால் சிமுலேட்டரைத் திறந்து அதிலுள்ள 'கேலிப்ரேஷன்' பகுதியை முடியுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். டிரான்ஸ்மிட்டரில் ஹெலிகாப்டருக்கான மிக்ஸிங் எதையும் போடாதீர்கள். சாதாரண விமானத்துக்கான அமைப்பே போதும். திரையிலுள்ள ஹெலிகாப்டருக்கு வேண்டிய மிக்ஸிங்கை சிமுலேட்டரே செய்துகொள்ளும். இரண்டு இடத்திலும் செய்தால் ஒரு ஸ்டிக்கை அசைக்கும்போது ஹெலிகாப்டர் வேறு திசையிலும் சேர்ந்து சாயும். புதிதாகக் கற்பவர் அதைத் தன் கைக்குற்றம் என்று நினைத்துப் பயிற்சியையே விட்டுவிடுவார்.

முதலில் ஹெலிகாப்டரின் வால் உங்களைப் பார்த்திருக்க, ஒரே இடத்தில் மிதக்கவிடப் பழகுங்கள். பிறகு பக்கவாட்டில், கடைசியாக முகம் உங்களைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். மூன்றும் கைவந்த பிறகு நிஜ ஹெலிகாப்டருக்குப் பணம் எடுத்து வையுங்கள்.