சந்திர இரவுக்கு ஒரு கணப்பு

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆந் திகதி மாலை சந்திரயான்-3 சந்திரனின் தென்துருவத்தை அண்டிய நிலத்தில் பழுதின்றி இறங்கியபோது, அத்திட்டத்தின் பணிப்பாளர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்று அறிந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம்மவர் தம் வீட்டுப் பிள்ளை வென்றாற்போல் மகிழ்ந்தனர். எனினும், சூரிய கிரணங்களை நம்பியே சென்ற 26 கிலோகிராம் ஊர்தியாகிய பிரக்யான், ஏறக்குறைய 14 நாள் நீளும் சந்திரப் பகல் கழிந்து, உஷ்ணநிலை பூச்சியத்துக்குக் கீழே 120 பாகையினும் தாழும் இரவு நெருங்கியதும் உறங்கவைக்கப்பட்டு, செப்டெம்பர் 22ஆந் திகதி அழைத்தபோது மறுமொழி தரவேயில்லை. அதற்கு மின்சாரத்தினும் முதலாக வேண்டியிருந்தது உஷ்ணமே. கொழும்பின் புழுக்கத்தில் விசிறியின் கீழ் அமர்ந்து இதை எழுதுபவனுக்குக் குளிரின் கொடுமை எளிதிற் புலப்படாது என்பது வேறு விஷயம்.

1970 நவம்பரில் சோவியத் நாடு சந்திரனில் இறக்கிய லுனகோத்-1 என்னும் ஊர்தியோ, பொலோனியம்-210 என்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பதார்த்தத்தைத் தன்னுள் வைத்திருந்தது. இரவு வந்ததும் மூடியைச் சாத்திக்கொண்டு அதன் வெம்மையிலே கிடந்து, விடிந்ததும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்துச் சூரியப் பலகையை வெயிலுக்குக் காட்டி, ஏறக்குறைய பத்து மாதம் அது உலாவியது. ஆனால் பொலோனியத்தின் வீரியம் 138 நாளிற் பாதியாகிவிடும். ஆகவே, 2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியோசிட்டிக்கு, பாதியாவதற்கு 88 ஆண்டளவு எடுக்கும் புளுத்தோனியம்-238ஐ அமெரிக்கர் தெரிந்தெடுத்தனர். அதன் ஒட்சைட்டு 4.8 கிலோகிராம் சுமார் 2000 வாட் உஷ்ணத்தைச் சொரிய, இருவேறு கடத்திகளை இணைத்து ஒரு முனையைச் சுடவைத்து மறுமுனையைக் குளிரவைத்தால் மின் பிறக்கும் என்னும் 1821ஆம் ஆண்டைய சீபெக் விளைவினால், அசையும் உறுப்பு ஒன்றேனுமின்றி, ஆரம்பத்தில் 110 வாட் மின்சாரம் கிடைத்தது. எஞ்சிய உஷ்ணம் விரயமன்று. குழாய்களில் ஓடும் திரவம் அதை ஏந்திச் சென்று ஊர்தியின் உள்ளுறுப்புகளைக் காக்கிறது.

புளுத்தோனியம் உமிழும் அல்பாத் துணிக்கையை ஒரு கடதாசியே தடுத்துவிடுமாதலால் கனத்த ஈயக் கவசம் வேண்டியதில்லை. ஆனால் தடைப்பட்ட துணிக்கை ஈலியம் வாயுவாகி உறைக்குள்ளே தேங்கும். இது நம் நாட்டுக்குப் புதிய சங்கதியன்று. கொழும்பிற் பிறந்து, கலை விமர்சகராகவே நாம் நினைவுகூரும் ஆனந்த குமாரசுவாமி, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராயிருந்த காலத்தில், 1904இல் சப்பிரகமுவையிற் கண்டெடுத்த தோரியனைற்று என்னும் கருங்கனியம், யுகயுகமாகத் தன்னுள்ளே சிறைப்பட்ட ஈலியத்தைச் சூடேற்றினால் வெளிவிடும். கல் அதைப் பொறுத்திருந்தது. ஊர்தியின் இரிடிய உறையோ அழுத்தத்தால் வீங்கக்கூடுமாதலின், வாயு கசியவும் எரிபொருள் வெளிவராதிருக்கவும் தக்கதாக, இரிடியத் தூளை இறுக்கிச் செய்த நுண்துளை அடைப்பு ஒன்றை அதில் வைத்தனர். முழு யந்திரத்திலும் என்னை அதிகம் கவர்வது அந்தச் சிற்றடைப்பே.

இந்தியாவின் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் ஆக்கிய, தலா ஒரு வாட் அளவான இரு வெப்பமூட்டிகளும் சந்திரயான்-3இற் சென்றன. சென்றதென்னவோ சந்திரனைச் சுற்றிநின்ற உந்துகலத்தில், பரீட்சார்த்தமாக. ஒரு வாட் அற்பமெனத் தோன்றலாம். 2004 முதல் 2018 வரை செவ்வாயில் உழைத்த ஒப்பர்ச்சுனிட்டிக்கு இரவுக் குளிரில் துணைநின்றவை அத்தகைய எட்டு வெப்பமூட்டிகள்.