சாபம் தீர்ந்த பின்பு

திருத்தணிகை என்னும் பெயருக்குக் கோபம் தணிந்த இடம் என்று பெரியோர் பொருள் கூறுவர். சூரனோடு போர் முடித்து வந்த முருகப்பெருமான் சினம் ஆறி அமர்ந்த மலை என்பது ஐதிகம். 365 படிகளையும் ஏறிச் சந்நிதியில் நிற்கும் தம்பதிகள் இல்லத்தில் சாந்தி நிலவ வேண்டிக்கொள்கிறார்கள். கணவனுடைய கோபம் தணிந்துவிட்டால் சாந்தி வந்துவிட்டதென்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மனைவியின் மனம் ஆறிற்றா என்று கேட்பவர் அரியர். அவ்வாறு கேட்டவருள் ஒருவர் புதுமைப்பித்தன்.

சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட அவர் (1906–1948), 'சாப விமோசனம்' என்னும் சிறுகதையை 1943-ல் 'கலைமகள்' பத்திரிகையில் எழுதினார். அகலிகையின் சரித்திரம் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்ததே. இந்திரனால் வஞ்சிக்கப்பட்டாள், கௌதமரின் சாபத்தால் கல்லானாள், ராமனுடைய பாததூளி பட்டு மீண்டும் பெண்ணானாள். உபந்நியாசகர்கள் அத்துடன் மங்களம் பாடிவிடுவார்கள். புதுமைப்பித்தனோ அங்கேதான் தொடங்குகிறார்.

கதையில் வரும் கௌதமர் கொடியவர் அல்லர். ஆத்திரத்தில் சபித்ததற்காக உள்ளம் நொந்தவர். மனைவியிடம் பரிவு மிக்கவர். ஆயினும் அவர் இயல்பாகச் சொல்லும் சொல்லிலும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று அகலிகை துருவித் துருவிப் பார்க்கிறாள். மன்னிக்கப்பட்டவள் என்ற நிலையே அவளுக்குப் பெரும் பாரமாகிவிடுகிறது. அடியும் வசவும் உள்ள வீட்டின் துயரம் அண்டை வீட்டாருக்கும் கேட்கும். நல்ல கணவனோடு வாழ்பவளின் துயரம் சில சமயம் அவனுக்கே கேட்பதில்லை.

வனவாசம் முடிந்து திரும்பிய சீதை, தான் அக்கினிப் பிரவேசம் செய்ததை அகலிகையிடம் சொல்கிறாள். தன்னைத் தூயவள் என்று ஏற்ற அதே ராமனா சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான்? கற்பை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டித்தான் ஆகவேண்டுமெனில், தனக்குக் கிடைத்த விமோசனத்துக்கு மதிப்பு ஏது? பின்பு கௌதமர் அன்போடு தழுவும்போது, அவர் அவள் கண்ணுக்கு இந்திரனாகவே தோன்றுகிறார். அவள் மறுபடியும் கல்லாகிறாள். இம்முறை சபித்தவர் எவரும் இல்லை.

ராமாயணப் பரிச்சயமுள்ளவர்களுக்கு இக்கதை பிடிக்காமற் போகலாம் என்று ஆசிரியரே முன்குறிப்பில் எச்சரித்திருக்கிறார். ஆனால் பக்தர்கள் அஞ்ச வேண்டியதில்லை. கதை நம்மிடம் கேட்கும் கேள்வி வேறு. பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டோம் என்று நாம் மகிழ்ந்திருக்கையில், மன்னிப்புப் பெற்றவள் எப்படி வாழ்கிறாள் என்பதே அது.

1942-ஆம் ஆண்டு ஆகஸ்டுப் போராட்டத்தின் சூடு ஆறாத காலத்தில் எழுதப்பட்ட கதை இது. 1947-ல் தேசம் விடுதலை பெற்றது. மனத்தில் உள்ளதை அச்சமின்றிக் கணவனிடம் சொல்லும் விடுதலையோ, இன்றும் எல்லா இல்லத்தரசிகளுக்கும் கிட்டிவிடவில்லை.

தம் வீட்டில் சச்சரவே இல்லை என்று பெருமைப்படும் கணவன்மார் இக்கதையை மனைவியோடு அமர்ந்து படிக்கட்டும். படித்து முடித்ததும் விளக்கம் சொல்லப் புகாமல், அவள் சொல்வதைச் சற்றுக் கேட்கட்டும்.