தூசுப் போர்வைக்குள் முதிய விண்மீன்கள்: மறைந்ததைக் காட்டும் அகச்சிவப்பு ஒளி

மும்பை: செம்பூரிலும் தாராவியிலும் மாலைச் சூரியன் சிவந்து மறைவதைப் பலரும் கண்டிருப்பர். காற்றும் நுண்தூசும் நீல ஒளியைச் சிதறடித்துவிட, அலைநீளம் மிகுந்த சிவப்பு ஒளி ஊடுருவி வருவதே இதற்குக் காரணம். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி தூசை இன்னும் எளிதாகக் கடக்கும். முதிய விண்மீன்களை ஆராய வானியலாளர்களுக்கு இப்பண்பே துணை நிற்கிறது.

விண்மீன்கள் முதுமையில் பன்மடங்கு பருத்து, தம் வெளி அடுக்குகளை விண்வெளியில் உதிர்க்கின்றன. அவ்வாயு குளிரும்போது கரிமம் அல்லது சிலிக்கேட் துகள்கள் உருவாகி விண்மீனைப் போர்வைபோல் மூடுகின்றன. விண்மீனின் ஒளியை உறிஞ்சிச் சூடேறும் அத்தூசு, அகச்சிவப்பில் ஒளிர்கிறது. பூமி போன்ற கோள்களின் மூலப்பொருளில் ஒரு பகுதி இவ்வாறு வந்ததே.

பால்வெளி மண்டலத்தில் விண்மீன்களின் தொலைவு வெவ்வேறாக இருப்பதால், அவற்றின் உண்மையான ஒளிர்வைக் கணிப்பது கடினம். அண்டை மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தின் விண்மீன்கள் அனைத்தும் ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளன. ஆகவே எந்த விண்மீன் எவ்வளவு தூசை வெளியிடுகிறது என்பதை அங்கு ஒப்பிட்டு அறியலாம். நாசாவின் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி 2005-ஆம் ஆண்டு அம்மண்டலத்தை அகச்சிவப்பில் ஆராய்ந்தது. அங்குள்ள 'டபிள்யூ.ஓ.ஹெச். ஜி64' என்ற பெருவிண்மீனை முட்டை வடிவத் தூசுக்கூடு சூழ்ந்திருப்பதைக் காட்டும் படம், 2024 நவம்பரில் வெளியானது. சிலியில் உள்ள ஐரோப்பிய தெற்கு வான் ஆய்வகத்தின் தொலைநோக்கிகள் அதனைப் பதிவு செய்திருந்தன.

இத்துறையில் மும்பை கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்குண்டு. அந்நிறுவனம் உருவாக்கிய 'டிர்ஸ்பெக்' அகச்சிவப்புக் கருவி, லடாக்கின் ஹான்லேயில் உள்ள இமாலய சந்திரா தொலைநோக்கியில் 2013-இல் பொருத்தப்பட்டது. நீராவி அகச்சிவப்பை உறிஞ்சிவிடும் என்பதால், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த வறண்ட இடம் ஆய்வுக்கு ஏற்றது. உத்தரகண்டின் தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கிக்கான 'டான்ஸ்பெக்' கருவியிலும் இந்நிறுவனம் பங்கேற்றது.

எனினும், தென்கோடி வானில் உள்ள பெரிய மெகல்லன் மேகம் இவ்விரு இடங்களிலும் அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. அங்கிருந்து காணக்கூடிய ஆண்ட்ரோமெடா மண்டலமோ சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அத்தகைய தொலைவில் நெருங்கித் தோன்றும் விண்மீன்களைத் தனித்தனியே பிரித்தறிய மேலும் பெரிய தொலைநோக்கிகள் தேவை. இந்தியா பங்கேற்கும் முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டம் அத்தகைய முயற்சிகளில் ஒன்றாகும்.