ஹாக்கியின் நாற்றங்கால்

களத்துமேட்டில் குவிந்து கிடக்கும் நெல்லைக் கண்டு மகிழ்வோர் பலர். அந்நெல்லுக்குப் பிறப்பிடமாகிய நாற்றங்காலைத் தேடிச் சென்று காண்போர் மிகச் சிலரே. விதை நன்றாயினும், நாற்றைப் பறிக்கும் பருவம் தவறினால் பயிர் சோர்ந்துவிடும் என்பதை உழவன் அறிவான். வளைகோற்பந்து எனப்படும் ஹாக்கி ஆட்டத்துக்கும் அத்தகைய நாற்றங்கால் ஒன்று உண்டு. இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோர் மட்டும் இடம்பெறும் இளையோர் அணியே அது. ஒரு நாட்டின் முதன்மை அணி நாளை எந்நிலையில் இருக்கும் என்பதை அறிய விரும்புவோர், இன்றைய இளையோர் அணியையும் அதற்கு அளிக்கப்படும் பயிற்சியையும் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இளையோர்க்கெனத் தனியே ஓர் உலகக் கோப்பைப் போட்டி 1979 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் முதன்முதலாக நடைபெற்றது. அக்கோப்பையை இந்தியா இருமுறை வென்றுள்ளது. ஒன்று 2001 இல், மற்றொன்று 2016 இல். வெற்றி இரண்டும் ஒத்தனவே. ஆயினும் அவற்றின் பின்விளைவுகள் பெரிதும் வேறுபட்டன.

2001 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவைச் சார்ந்த ஹோபார்ட் நகரில் இறுதி ஆட்டம் நடந்தது. ககன் அஜித் சிங் தலைமையேற்ற இந்திய இளைஞர்கள் அர்ஜென்டினாவை ஆறுக்கு ஒன்று என்னும் கோல் கணக்கில் வென்றனர். உலகத்தின் இறுதிப் போட்டியில் ஐந்து கோல்கள் மிகுதியாகப் பெற்று வெல்லுதல் எளிய செயலன்று. பழம்பெருமை மீண்டுவிட்டது என்று நாடு மகிழ்ந்தது. ஆனால் மூன்றாண்டுகளுக்குப் பின் 2004 இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணி ஏழாம் இடமே பெற்றது. 2008 இல் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் நடந்த தகுதிப் போட்டியில் பிரிட்டனிடம் தோற்றுப் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடும் தகுதியையே இழந்தது. 1928 ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து ஒலிம்பிக் களம் கண்டு வந்த நாடு, அந்த ஓராண்டு வெளியில் நின்றது.

உலகை வென்ற இளைஞர்கள் இருந்தும் இவ்வீழ்ச்சி நேர்ந்தது எங்ஙனம்? காரணம் ஒன்றென்று கூறிவிட முடியாது. ஹோபார்ட்டில் இளையோரைப் பயிற்றிய இராஜிந்தர் சிங்கே பின்னர் முதன்மை அணிக்கும் பயிற்சியாளரானார். தம் மாணாக்கரின் வலிமையும் மெலிவும் அறிந்த அவர், ஏதென்ஸ் போட்டிக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் நீக்கப்பட்டார். புதியவர் ஒருவர் வந்து வீரர்களின் இயல்பை அறிவதற்குள் போட்டியே முடிந்துவிட்டது. மேலும், பெனால்டி கார்னரைக் கோலாக்குவதில் வல்லவராயிருந்த ஜுக்ராஜ் சிங் 2003 இல் கார் விபத்தில் சிக்கிக் காயமுற்றார். அவருடைய இடத்தை உடனே நிரப்புதல் எளிதாக இல்லை. அடுத்த வரிசை வீரர்களை முன்கூட்டியே பழக்கி வைக்காத அணிக்கு ஒருவரின் இழப்பே பேரிழப்பாகிவிடும். நாற்று நன்றாகவே இருந்தது, நடவுதான் பிழைத்தது.

இனி 2016 ஆம் ஆண்டு வெற்றியைக் காண்போம். அதற்கு முன் 2013 இல் புதுதில்லியில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் இந்தியா பத்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. பின்னர் ஹரேந்திர சிங் என்பார் இளையோரைப் பயிற்றும் பொறுப்பை ஏற்றார். லக்னோவில் நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா பெல்ஜியத்தை இரண்டுக்கு ஒன்று என வென்றது. குர்ஜந்த் சிங்கும் சிம்ரன்ஜீத் சிங்கும் அன்று கோல் அடித்தோர் ஆவர். இவ்விளைஞர்கள் ஒரே வீச்சில் முதன்மை அணிக்குள் தள்ளப்படவில்லை. சிறிது சிறிதாக மூத்த வீரர்களோடு கலந்து பழக்கப்பட்டனர். அதன் பயன் 2021 இல் தெரிந்தது. அவ்வாண்டு நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா ஜெர்மனியை ஐந்துக்கு நான்கு என வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. 1980 இல் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வென்றபின் நாற்பத்தோர் ஆண்டுகள் கழித்துக் கிட்டிய பதக்கம் அது. ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், சிம்ரன்ஜீத் சிங், குர்ஜந்த் சிங், சுமித், நீலகண்ட சர்மா, வருண் குமார் ஆகிய எழுவரும் லக்னோவில் கோப்பை வென்ற இளையோர் அணியினரே. இவர்களுள் சிம்ரன்ஜீத் சிங் முதலில் மாற்று வீரராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு விதி தளர்த்தப்பட்டமையால் ஆடும் வாய்ப்புப் பெற்ற அவர், வெண்கலப் பதக்க ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்தார். பின்வரிசையில் இருப்பவனைப் பொருட்படுத்தாது விடும் தேர்வாளர் இந்நிகழ்ச்சியை நினைவிற்கொள்ளுதல் நலம்.

பெண்கள் அணியின் வரலாறும் இதனை ஒத்ததே. 2013 இல் ஜெர்மனியில் இந்திய இளம்பெண்கள் தங்கள் முதல் உலகப் பதக்கமாகிய வெண்கலத்தைப் பெற்றனர். அவ்வணியில் ஆடிய ராணி ராம்பால் டோக்கியோவில் முதன்மை அணிக்குத் தலைவியானார். உடன் ஆடிய வந்தனா கட்டாரியா அங்கே ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார்; ஒலிம்பிக் ஹாக்கியில் அவ்வாறு செய்த முதல் இந்தியப் பெண்மணி அவரே. அணி நான்காம் இடம் பெற்றது.

எனினும் இளையோர் கோப்பையைக் கொண்டே எதிர்காலத்தை அளந்துவிடலாகாது. லக்னோவில் இந்தியாவிடம் தோற்ற பெல்ஜியம், இரண்டே ஆண்டுகளில் 2018 இல் புவனேசுவரத்தில் முதன்மை உலகக் கோப்பையை வென்றது. டோக்கியோவில் தங்கமும் பெற்றது. அங்கே அரையிறுதியில் இந்தியாவை வென்றதும் அந்நாடேதான். மறுபுறம், லக்னோவில் கோப்பையைக் கையில் ஏந்திய இந்தியத் தலைவர் ஹர்ஜித் சிங் டோக்கியோ சென்ற அணியில் இடம்பெறவில்லை. பதினெட்டு வயதில் முன்னே ஓடியவன் இருபத்து நான்கு வயதில் பின்தங்குவதும், பின்னே நின்றவன் முந்துவதும் இவ்வாட்டத்தில் இயல்பு. ஆதலின் இளையோர் அணியின் பயிற்சியாளர் அடுத்த மாதப் போட்டியையும் அடுத்த ஆறாண்டுகளையும் ஒருசேர நோக்க வேண்டியவராகின்றார். இவ்விரண்டும் சில வேளை ஒன்றுக்கொன்று முரண்படும். உடல் முதிர்ந்த ஒருவனிடமே பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த மாதப் போட்டியில் வெல்லலாம். ஏனையோர் கற்பது குறையும்.

இங்கே தேர்வு முறையிலுள்ள ஒரு குறையையும் அறிதல் வேண்டும். பதினான்கு வயதினர் அணிக்குச் சிறுவர்களைத் தேரும்போது, சனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு திசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதினராகவே கொள்ளப்படுகின்றனர். அவ்விருவர்க்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி உண்டு. மூத்தவன் உயரமும் விரைவும் உடையவனாகத் தோன்றுவான். தேர்வாளர் அதனைத் திறமை என்று மயங்குவர். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சியும் உணவும் கிடைக்கும். விடப்பட்டவன் மட்டையை மூலையில் வைத்துவிடுவான். இவ்வாறு இழக்கப்பட்ட வீரர் எத்துணைபேர் என்று கணக்கெடுத்தார் இலர்.

பயிற்சி எவ்வயதில் எதனைத் தருதல் வேண்டும் என்பதும் ஆராயத்தக்கது. ஹாக்கி மட்டையின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டும் இருக்கும். தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். எனவே இடப்புறம் வரும் பந்தை ஆள மட்டையைத் திருப்பிப் பிடித்தல் வேண்டும். கைம்மணிக்கட்டின் இந்த நெகிழ்ச்சி சிறு வயதிலேயே படிய வேண்டுவது. இருபது வயதில் கற்பது அரிது. பந்தை வாங்குமுன் தலையை நிமிர்த்தி இருபுறமும் பார்க்கும் வழக்கமும் அத்தகையதே. மாறாக, பெனால்டி கார்னரில் பந்தை மட்டையின் வளைவில் பற்றி இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் என்னும் முறை இடுப்பையும் கீழ் முதுகையும் பெரிதும் வருத்துவதாகும். எலும்பு முதிராத சிறுவனை நாள்தோறும் நூறுமுறை அவ்வாறு வீசச் செய்தல் அவனுடைய ஆட்ட வாழ்வையே சுருக்கிவிடக்கூடும். முன்னதை விரைந்தும் பின்னதைப் பொறுத்தும் கற்பிப்பவரே நல்லாசிரியர்.

ஆடுதரையின் இயல்பும் பயிற்சியை மாற்றிவிட்டது. 1976 இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. நீர் தெளித்த அத்தரையில் பந்து தாவாமல் மிக விரைந்து செல்லும். மண் தரையிலோ பந்து கல்லிலும் பள்ளத்திலும் பட்டுத் துள்ளும். ஆகவே மண்ணில் ஆடும் சிறுவன் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்க அஞ்சுவான். குனிந்த தலையோடு ஓடப் பழகுவான். பதினாறு வயதில் முதன்முறையாகப் புல்தரையில் கால் வைக்கும்போது அப்பழக்கத்தை மறந்து புதியதைக் கற்க வேண்டியவனாகின்றான். இந்தியச் சிற்றூர்களில் பிறந்த வீரர் பலர்க்கு நேர்ந்த இடர் இதுவே. ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டமும், தமிழ்நாட்டில் கோவில்பட்டியும் ஹாக்கி வேரூன்றிய இடங்கள். அங்கே விடுதியும் செயற்கைத் தரையும் அமைந்தது இவ்விடரைக் குறைத்துள்ளது. சுந்தர்கட்டின் சவுனாமரா என்னும் ஒரு சிற்றூரே திலீப் திர்க்கி, அமித் ரோகிதாஸ் என்னும் இரு பெருவீரர்களை அளித்தது. கோவில்பட்டியைச் சார்ந்த மாரீசுவரனும், அங்கே பயின்ற அரியலூர்க் கார்த்தியும் 2022 இல் ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்காக முதன்முறை ஆடினர்.

இளையோர் அணியிலிருந்து முதன்மை அணிக்குச் செல்லும் வழி எவ்வளவு நீண்டது என்பதற்கு ஸ்ரீஜேஷின் வாழ்க்கை நல்ல சான்று. எர்ணாகுளம் மாவட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரத்து விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். ஓட்டம், நீளத் தாண்டல், வாலிபால் ஆகியவற்றில் முயன்றபின், ஆசிரியர் கூறியவாறு கோல் காப்பாளராக நின்றார். 2004 இல் இளையோர் அணியிலும் 2006 இல் முதன்மை அணியிலும் இடம்பெற்றார். ஆயினும் முதல் ஒலிம்பிக்கில் அவர் ஆடியது 2012 இல்தான். முதல் ஒலிம்பிக் பதக்கம் கிட்டியபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. 2024 இல் பாரிஸில் இரண்டாம் வெண்கலம் பெற்றதும் ஓய்வு கொண்டு, இளையோர் அணியின் பயிற்சியாளர் ஆனார்.

அவர் பொறுப்பில், 2024 திசம்பரில் மஸ்கட்டில் நடந்த இளையோர் ஆசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை ஐந்துக்கு மூன்று என வென்றது. மறு ஆண்டு இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. இருபத்து நான்கு நாடுகள் அதிற் பங்கு கொண்டன. அரையிறுதியில் ஜெர்மனி ஐந்துக்கு ஒன்று என்று இந்தியாவை எளிதில் வென்றது. முடிவில் கோப்பையையும் கொண்டது. அந்நாடு அக்கோப்பையை வென்றது அது எட்டாம் முறை. தோல்வியின் துயரோடு மூன்றாம் இடத்துக்காக அர்ஜென்டினாவை எதிர்த்த இந்திய இளைஞர்கள், ஆட்டத்தின் முக்காற்பங்கு முடிந்தபோது இரண்டு கோல்கள் பின்தங்கி இருந்தனர். எஞ்சிய பதினைந்து நிமிடத்துள் நான்கு கோல்கள் அடித்து வெண்கலம் பெற்றனர். 2021 இலும் 2023 இலும் நான்காம் இடத்தோடு திரும்பிய அணிக்கு இஃது ஒரு படி ஏற்றமே. ஆனால் ஜெர்மனியோடு கண்ட நான்கு கோல் இடைவெளி, வெண்கலத்தின் ஒளியில் மறைந்துவிடத் தக்கதன்று.

இடைவெளியை நிரப்பும் இடம் எது? இருபத்தொரு வயது கடந்தவுடன் இளையோர் அணியின் கதவு மூடிவிடும். முதன்மை அணியின் கதவு உடனே திறவாது. அவ்விடைக்காலத்தில் வீட்டு வறுமை வேலையைத் தேடச் சொல்லும். ரயில்வேயும் காவல்துறையும் பொதுத்துறை நிறுவனங்களும் வீரர்க்குப் பணி தந்து, அதனோடு ஆடும் வாய்ப்பும் அளிப்பதால் பலர் ஆட்டத்தை விடாமல் நிற்கின்றனர். 2017 க்குப் பின் நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் என்னும் போட்டி 2024 திசம்பரில் மீண்டும் தொடங்கியதும் நல்வாய்ப்பே. அங்கே இளைஞர்கள் அயல்நாட்டுப் பெருவீரர்களுடன் ஒரே அணியில் ஆடுகின்றனர். ஒலிம்பிக் வீரரின் அடியை நாள்தோறும் தடுத்துப் பழகும் இளங்காப்பாளன் ஒரு திங்களில் கற்பது, தன்னையொத்த சிறுவரோடு ஓராண்டு ஆடிக் கற்பதினும் மிகுதி.

2025 இல் சென்னையில் வெண்கலம் பெற்றோருள் இருபது வயதினர், 2028 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் நடைபெறும்போது ஏறத்தாழ இருபத்து மூன்று வயதினராயிருப்பர். லக்னோவில் வென்ற இளைஞர்கள் டோக்கியோ செல்ல ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் கிடைத்தன. இவர்களுக்குக் கிடைப்பது இரண்டரை ஆண்டுகளே.